சென்சார் விளக்கு போடும் முன்: வளாக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறையில் மாடிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு,

வணக்கம். ஆள் வந்தால் விளக்கைத் தானே எரியவிட்டு, போனால் அணைக்கும் சென்சாரை வாங்கும் முன் பழைய டியூப் லைட்டைக் கழற்றுங்கள். 36 வாட் டியூப்பும் அதன் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 48 வாட் இழுக்கும். வராந்தாவில் 10 டியூப் தினம் 12 மணி நேரம் எரிந்தால் 5.76 யூனிட். 18 வாட் எல்.இ.டி. டியூப் செட் போட்டால் 2.16. அதன்மேல் சென்சார் வைத்துப் பாதி நேரம் அணைந்திருந்தாலும் கூடுதலாக மிஞ்சுவது ஒரு யூனிட்தான்.

சென்சாருக்கு ஏற்ற இடம் மாடிப்படி, கழிப்பறை, ரெக்கார்டு ரூம். அசையாமல் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் தலைக்குமேல் வைத்தால் விளக்கு அணைந்து அணைந்து எரியும். பத்தே நாளில் யாராவது சென்சாரை விலக்கிவிட்டு விளக்கை நேர் லைனில் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, சாதாரண பி.ஐ.ஆர். (அகச்சிவப்புக் கதிரை உணரும்) சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே ஆளை அறிகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள தளத்தில் அந்த வேறுபாடு குறைந்துவிடும். ஆள் கிட்டே வந்த பிறகே எரியும். அது சென்சாரின் பழுதல்ல. நுண்ணலை அனுப்பி அசைவை அறியும் மைக்ரோவேவ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பிளைவுட் தடுப்பையும் கண்ணாடியையும் தாண்டிப் பார்க்கும், பக்கத்து அலுவலகத்தில் மின்விசிறி சுற்றினாலும் எரியக்கூடும்.

நாங்கள் மிகவும் கவலைப்படுவது நியூட்ரலை, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் கம்பியைப் பற்றி. மாடிப்படியில் மேலும் கீழும் இருந்து ஒரே விளக்கைப் போடும் டூ-வே சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. சென்சாருக்கோ அது வேண்டும். அவசரத்தில் பக்கத்து அலுவலக மீட்டரின் நியூட்ரலை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும். ஆனால் ஒரு மீட்டர் வழியே போன கரன்ட் இன்னொன்றின் வழியே திரும்புவதால், கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும். சென்சாரை மாற்றினாலும் மறுபடி டிரிப் ஆகும். அதைவிடக் கொடுமை, பக்கத்துக்காரர் மெயினை அணைத்துவிட்டுத் தன் நியூட்ரல் கம்பியைக் கழற்றினால், உங்கள் விளக்கு வழியாக அதில் 230 வோல்ட் வந்து நிற்கும். அணைத்த லைன்தானே என்று தொடுபவர் உயிர் போகலாம். ஆகவே சென்சாரைக் கூரையில் விளக்குக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள், அங்கே அந்த விளக்கின் நியூட்ரலே இருக்கிறது. இல்லையென்றால் பொது விளக்குகளுக்கான போர்டிலிருந்து நியூட்ரலுக்கு 1.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் தனியாக இழுக்கச் சொல்லுங்கள்.

சென்சாரின் அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1200 வாட் என்பது குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி.க்கு எவ்வளவு என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பல மாடல்களில் 300 வாட்தான். எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில், எரியத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரன்ட் பாயும். அதில் சென்சாருக்குள் சுவிட்சாக இயங்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது. அந்த எல்.இ.டி. அளவைத் தாண்டினால், அதிக கரன்ட் தாங்கும் பெரிய ரிலேயான காண்டாக்டர் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வயலோரக் கட்டடங்களில் தத்துப்பூச்சி விளக்கை மொய்க்கும். கவர் இறுக மூடாத விளக்கில் ஒரே மாதத்தில் பூச்சி நிரம்பி வெளிச்சம் மங்கிவிடும். திறந்த வராந்தாவுக்கு, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தர விளக்கைக் கேட்டு வாங்குங்கள். சென்சார் முகப்பில் சிலந்தி வலை கட்டாமல் துடைக்க வேண்டும்.

போனிலிருந்து இயக்கும் வைஃபை விளக்கு என்றால், மின்தடை நீங்கிக் கரன்ட் வரும்போது அணைந்தே இருக்கும்படி செட்டிங்கை மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி கரன்ட் வந்ததும் அத்தனையும் எரிந்து விடியும்வரை கிடக்கும்.

செலவு உங்களுடையது, பில் வாடகைதாரர்களுடையது என்பதால்தான் வேலை தள்ளிப்போகிறது. பொது விளக்குகளின் யூனிட்டை மட்டும் தனியே காட்டும் ஒரு சப்-மீட்டர் போட்டு, மாதாமாதம் ரீடிங்கைப் படிக்கட்டுப் பலகையில் எழுதுங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தருவது பற்றி அவர்களிடம் பேச அந்த எண் போதும்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வயரிங் பணியாளர்கள் சிலர்