பெங்களூருக்கு முன்னால் தருமபுரி: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் மேசைக்குச் சுற்றுலாப் பேச்சு வந்துவிடும். நம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் பெங்களூருதான். விடியும் முன் பேருந்து, லால்பாக்கில் ஒரு சுற்று, விதான சௌதா முன்னால் ஒரு போட்டோ, மீதி நாள் முழுக்கத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுவது. பூங்காவை விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை. எழுதினால் என் வீட்டிலேயே ஓட்டு விழாது. அந்த நாளில் பாதியை அருங்காட்சியகத்துக்கும் இசைக்கும் ஒதுக்குங்கள். அதற்கு முந்தைய வாரம் நம் ஊரில் இதே இரண்டையும் காட்டிவிடுங்கள். இதுதான் கோரிக்கை. இதில் வரிசை முக்கியம். முதலில் இங்கே, அப்புறம் அங்கே.

ஏன் என்று சொல்கிறேன். பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1865-இல் தொடங்கியது. அங்கே மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கல் இருக்கிறது. செத்த வீரனுக்கு நடுவதுபோல, வேட்டை நாய் ஒன்றுக்கு எடுத்த வீரக்கல். கி.பி. 949-ஐ ஒட்டிய காலம். இராஷ்டிரகூடரும் கங்கரும் சேர்ந்து சோழரோடு மோதிய தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் விழுந்த செய்தியும் இதே கல்லில்தான் இருக்கிறது. போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனிடம் கங்க மன்னன் பூதுகன், "என்ன வேண்டும், கேள்" என்கிறான். அவன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. அரசனின் 'காளி' என்ற நாயைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதிய காளியும் செத்தது, பன்றியும் செத்தது. நாய்க்குக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், கல்லை விட்டு நகராது. சொல்ல ஆள் இல்லை என்றால் அது இன்னொரு கறுப்புக் கல், அவ்வளவுதான்.

அக்கா பிள்ளைகளோடு அங்கே போயிருந்தபோது, சின்னவன் வேறொரு வீரக்கல் முன்னால் நின்றுகொண்டு, "மாமா, இது நம்ம வேடியப்பன் மாதிரியே இருக்கு" என்றான். கல்லில் இருந்தது கன்னட எழுத்து. அவனுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஏரிக்கரையில் எங்கள் சனம் பொங்கல் வைத்துக் கும்பிடும் வேடியப்பனும் ஒரு நடுகல்தான். அவன் கண்ணுக்கு அந்த உருவம் பழகியிருந்தது. எங்களைத் தாண்டிப் போன கூட்டத்தில் யாரும் அங்கே நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் மனிதர் நின்று பார்க்கிறார்கள்.

அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் தருமபுரியிலேயே உண்டாக்கிவிடலாம். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் (அத்துறை நடத்தும் அருங்காட்சியகம்) நம் வட்டாரத்து நடுகற்கள் இருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவனோடு சண்டையிட்டுச் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று பெரும்பாலும் சாதாரண ஊர்க்காரர்கள். வெட்சி, கரந்தை என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் திணைகள் இங்கே கல்லில் நிற்கின்றன. தயவு செய்து நோட்டும் பேனாவும் கொடுத்துப் பெயர்ப்பலகையை எழுதிவரச் சொல்லாதீர்கள். "எந்த வீரன் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது? எந்தக் கல்லில் மாடு இருக்கிறது? எதில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது?" என்று தேடவிடுங்கள். போதும்.

கிருஷ்ணகிரிப் பள்ளிகள் காந்தி சாலை அரசு அருங்காட்சியகத்திலிருந்தும் தொடங்கலாம். பர்கூர்ப் பக்கம் இருப்பவர்கள் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையைப் பற்றி வகுப்பில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு வந்த செய்தி 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

இனி இசை. பெங்களூரு ஜே.பி. நகரில் 2019-இல் இசைக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். 'இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்' என்று பெயர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த கருவிகள், காதில் மாட்டிக் கேட்கும் வசதி, வெளியே தட்டி ஒலியெழுப்பிப் பார்க்க ஒரு தோட்டம். தொடாதே என்று யாரும் அதட்டாத இடம் என்பதாலேயே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நகரின் தெற்கு ஓரத்தில் இருப்பதால் ஓசூர் வழியாகப் போகும் பேருந்து காலையில் முதலில் இங்கே போய்விட்டு, கஸ்தூர்பா சாலைக்கு மதியம் போகலாம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் காலை நேரம் வீணாகாது.

ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் மேளம் மேளம் ஆகாது. நேரில் அடித்துக் கேட்க வேண்டும். சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் இராமநவமிக் கச்சேரிகள் 1939 முதல் நடக்கின்றன. பந்தலில் உட்கார்ந்து பெரிய வித்வான்களைக் கேட்கலாம். ஆனால் அது பங்குனி, சித்திரை. நமக்குப் பரீட்சை நேரம். அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி செய்யக்கூடியது வேறு. சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் ஒரு பம்பை மேளக் குழுவையும், தெருக்கூத்துக் குழுவையும் பள்ளிக்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் போதும். பம்பையும் சிலம்பும் சேர்ந்து ஒலிப்பதையும், கூத்தில் முகவீணை என்ற சிறு குழல் ஆர்மோனியத்தோடு இழைவதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலையை எக்கிப் பார்த்த பிள்ளைக்கு, தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்க ஒரு வாய்ப்பு. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் படிக்கும் மாணவர்களை வரவழைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் மேடை வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கலைஞர்களுக்குச் சால்வை போர்த்தி, டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஊர்த் திருவிழாவில் வாங்குகிற சம்பளத்தைக் கேட்டு, அதைக் கொடுங்கள். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் வாங்கும் தொகையில் தலைக்குக் கொஞ்சம் சேர்த்தால் வந்துவிடும். முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் போடட்டும், நானும் போடுகிறேன்.

நாள் குறிக்கும்போது கவனம்: கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பெங்களூரில் நான் சொன்ன இரண்டுக்கும் திங்கள். கஸ்தூர்பா சாலைக் கட்டடம் பழையது, பராமரிப்பு வேலை நடக்கலாம். போன் செய்து கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். தருமபுரிக்கும் அப்படியே, அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியுமா என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெற்றோர்