அடுக்கு வீடும் தேங்கும் நீரும்: யீஷூனிலிருந்து ஒரு கடிதம்

யீஷூன், சிங்கப்பூர்
புரட்டாசி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். நீங்கள், அத்தான், அம்மா, பிள்ளைகள் அனைவரும் நலம்தானே? இத்தனை பேர் ஒரே கட்டடத்தில் எப்படிக் குடியிருக்கிறீர்கள், குப்பையை எங்கே போடுவீர்கள், துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். அதோடு, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நம் மன்னார்குடி வீட்டில் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்தின் பாதி அதற்குத்தான்.

இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் புளோக் என்பார்கள். முகவரி என்றால் புளோக் எண், மாடி எண், வீட்டு எண். பெரும்பாலான புளோக்குகளில் கீழ்த்தளத்தில் வீடு கிடையாது, தூண்கள் மட்டும் நிற்கும். நகர மன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம், மூன்று நாளோ ஐந்து நாளோ. ஒரே புளோக்கில் ஓர் இனத்தவர் மட்டுமே சேர்ந்துவிடக்கூடாது என்று 1989 முதல் விழுக்காட்டு வரம்பு உண்டு. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. விற்பவருக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் ஒரே நடைபாதையில் நம் கோலமும் பக்கத்து வீட்டு ஊதுவத்தியும் மலாய்க் குழந்தைகளின் சைக்கிளும் இருப்பதற்கு அந்த வரம்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குப்பைக்கு மேல்மாடியிலிருந்து தரைவரை ஒரு குழாய்வழி இறங்குகிறது. பழைய புளோக்குகளில் சமையலறைச் சுவரிலேயே அதற்குக் கதவு. புதியவற்றில் மாடிக்கு ஒன்று, பொது நடைபாதையில். குப்பையை நீர் வடித்துப் பையில் இறுக்கிக் கட்டித்தான் போட வேண்டும். அட்டைப்பெட்டியோ துடைப்பக் கழியோ உள்ளே போனால் குறுக்கே சிக்கிக்கொள்ளும். மேல்வீட்டுக் குப்பையெல்லாம் அதன்மேல் குவிந்து நாறும், கரப்பான் பூச்சி ஏறிவரும். கீழே நீலத் தொட்டி ஒன்று இருக்கும். மறுசுழற்சிக்கான காகிதம், பாட்டில், டின் எல்லாவற்றையும் அதில் ஒன்றாகப் போடலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று விழுந்தால் சுற்றியிருக்கும் காகிதமும் கெட்டுவிடும்.

துணி காயப்போடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும். பழைய புளோக்குகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் வரிசையாகக் குழாய்ச் செருகிகள் பதித்திருப்பார்கள். நீளமான மூங்கில் கழியில் சட்டைகளைக் கைவழியே கோத்து, கிளிப் மாட்டி, கழியின் அடியை அந்தச் செருகிக்குள் நுழைக்க வேண்டும். கழி அந்தரத்தில் கொடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். கனமான துண்டு, போர்வை எல்லாம் சுவரை ஒட்டி, உள்ளாடை மாதிரி லேசானவை நுனியில். மாற்றிப் போட்டால் நுனி தாழ்ந்துவிடும், திரும்ப இழுக்கக் கை தாங்காது. நன்றாகப் பிழியாவிட்டால் கீழ்வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும் துணியில் சொட்டும். இங்கே அண்டை வீட்டுச் சண்டை பாதி அதில்தான் தொடங்கும்.

அந்தச் செருகிக் குழாயில்தான் கொசுவும் இருக்கிறது. ஆண்டில் சுமார் 170 நாள் மழை பெய்யும் ஊர். கழி இல்லாத நேரத்தில் குழாய்க்குள் மழைநீர் நிற்கும். டெங்கு கொசுவான ஏடிஸுக்கு இருபது காசு அகலத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும், முட்டையிட்டுவிடும். அதனால் துணியை எடுத்ததும் செருகிக்கு மூடி போடச் சொல்கிறார்கள். 2020இல் மட்டும் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதனால் கண்டிப்பு அதிகம்.

150 மீட்டர் வட்டத்துக்குள் 14 நாளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் உறுதியானால் அந்த இடத்தைப் பரவல் பகுதியாகக் கணக்கெடுத்து, அங்கே பதாகை கட்டுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவு என்றால் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் டார்ச்சும் உறிஞ்சு குழாயுமாக வீடு வீடாக வருவார்கள். பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் அடித்தட்டு, குளியலறைத் தரை வடிகால், சாமி படத்துக்கு முன் இருக்கும் பூஜாடி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். புழு இருந்தால் மாதிரி எடுத்துக்கொண்டு போவார்கள், அபராதமும் உண்டு. நம்மவர்கள் நடைபாதையில் வைக்கும் துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கும் விலக்குக் கிடையாது. அடித்தட்டை எடுத்துவிடுவதுதான் நல்லது.

புளோக் நடைபாதைகளில் கறுப்பு நிற உருளை ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர், சுவரில் பசை. முட்டையிட வரும் பெண் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். எந்தப் புளோக்கில் எத்தனை சிக்கியது என்ற கணக்கை வைத்து, காய்ச்சல் வருமுன்பே எங்கே கொசு பெருகுகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்களை வளர்த்து வெளியே விடுகிறார்கள். 2016இல் சோதனையாகத் தொடங்கிய இடங்களில் எங்கள் யீஷூன் பக்கமும் ஒன்று. ஆண் கொசு கடிக்காது. அதோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. விட்ட நாளில் வீட்டுக்குள் கொசு கூடத் தெரியும், பயப்பட வேண்டியதில்லை.

இனி நம் வீட்டு விஷயம். இங்கே குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது, யாரும் பிடித்து வைப்பதில்லை. நம் ஊரில் பிடித்து வைக்காமல் முடியாது. ஆகவே இங்குள்ள விதி அப்படியே அங்கே பொருந்தாது, தொட்டியைத்தான் கவனிக்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே தொட்டியையும் கழுவினால் அது கொசுவாகுமுன் அழிந்துவிடும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, அக்கா. இந்தக் கொசு தண்ணீரில் முட்டையிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் கெடாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். ஆகவே உள்சுவரை, முக்கியமாக மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் ஆழம்வரை, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி ஊற்றிய பிறகே நிரப்புங்கள். டிரம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழுவி நிரப்பிய பிறகே மற்றதைக் காலி செய்யுங்கள். தண்ணீர் வராத நாளில் திண்டாட வேண்டாம். மூடி சரியாக உட்காராத டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியைப் போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் மழைநீர் துணியின்மேலேயே தேங்கும்.

கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியை மணலால் நிரப்பிவிடுங்கள். கொட்டாங்குச்சி, பழைய டயர் எதுவும் மழையில் கிடக்க வேண்டாம். ஃப்ரிட்ஜின் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதையும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். கிணற்றில் கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். அம்மா சாக்கடையைத்தான் குறை சொல்வார்கள். அங்கே பெருகுவது பெரும்பாலும் ராத்திரியில் கடிக்கும் வேறு கொசு. டெங்கு கொசு நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். புகை மருந்து அடித்தால் பறக்கிற கொசு சாகும், தொட்டியில் இருக்கும் புழு சாகாது.

யாருக்காவது காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், ஆபத்து அந்த ஓரிரு நாளில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மேல்தொட்டி மூடி விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று அத்தானை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வழியும் குழாயின் வாய் திறந்துதான் இருக்கும், கொசு அதன் வழியாகவே உள்ளே போகும். நைலான் கொசுவலை மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கும். அரை மீட்டர் வாங்கி இரண்டாக மடித்து, குழாயின் வாயில் வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினால் போதும். தூசி அடைக்கும், மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி