விஜயாவுக்கு, அந்த 22 வயது டாக்டரைப் பற்றி

வேலூர்,
வைகாசிக் கடைசி

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. கத்திரி முடிந்தும் இங்கே வெயில் இறங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் நம்ம சரோஜாவைப் பார்த்தேன், முட்டி வலியோடு பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

நீ எழுதியிருந்த படத்தை அங்கேதான் பார்த்தேன். அண்ணன் மகள் ஃபோனில் போட்டுக் காட்டினாள். கதாநாயகிக்கு 22 வயது என்று பிறந்தநாள் காட்சியில் அவள் அப்பாவே சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் இருதய ஆபரேஷன் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றுகிறாள். சென்னையில் கடல் பார்த்த வீடு, தனி வாசம், சொந்தக் கார். "இந்த வயசுல இப்படி ஒருத்தி இருக்க முடியுமாடி, நீ ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவளாச்சே, சொல்லு" என்று கேட்டிருக்கிறாய்.

முடியாது விஜயா. பிளஸ் டூ முடிக்கும்போது 17 அல்லது 18 வயது. நீட் எழுதிய முதல் தடவையிலேயே இடம் கிடைத்தது என்றே வைத்துக்கொள். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருஷம். அதற்கே 23 ஆகிவிடும். அப்புறம் எம்.எஸ். மூன்று வருஷம், இருதயத்தில் கத்தி வைக்க எம்.சிஎச். இன்னும் மூன்று வருஷம். நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற காலம் தனி. எங்கும் தடங்கல் இல்லாமல் ஓடினாலும் முப்பதைத் தொட்டுவிடும். நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா அமெரிக்காவில் டாக்டர் படிப்பை 1899-இல் முடித்து 1900-இல் வேலூர் திரும்பியபோது அவருக்கு வயது 29. அவர் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்க 1918 வரை ஆனது. அவர் பேரைச் சொல்லி வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் காட்சியை என்னால் பேசாமல் பார்க்க முடியவில்லை.

22 வயதில் அந்தப் பெண் எங்கே இருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருப்பாள், இல்லை அப்போதுதான் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் காலெடுத்து வைத்திருப்பாள். நைட் டியூட்டியில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! கோட்டுப் பையில் ரத்தம் எடுத்த குழாய்கள், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பெட் நம்பர்கள், எண்ணெய் காணாத தலையை ஒரு கிளிப்பில் அடக்கியிருப்பாள். விடியற்காலை மூன்று மணிக்கு பிளட் பேங்குக்கு ஓடிவிட்டு வந்து, "சிஸ்டர், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன், எழுப்பிடுங்க" என்று கேஸ் ஷீட் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிடுவாள். எழுப்ப மனசே வராது. ஆனாலும் எழுப்பித்தான் ஆக வேண்டும், ஏழாம் பெட்டுக்கு டிரிப் மாற்றும் நேரமாகியிருக்கும். ஊருக்கு ஃபோன் பண்ணக்கூட நேரம் இருக்காது. அம்மா அனுப்பிய முறுக்கு டப்பா ஹாஸ்டல் அறையில் திறக்காமலே கிடக்கும். படம் எடுத்தவர்கள் இதில் ஒரு ராத்திரியைக் காட்டியிருந்தால்கூடப் போதும், அந்தப் பெண் மேல் எனக்குப் பிரியமே வந்திருக்கும்.

இதை வைத்து, சின்ன வயசுப் பெண்ணால் அவ்வளவு பொறுப்பைத் தாங்க முடியாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 20 வயது. ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் உதட்டுச் சாயம், ஸ்கூட்டி, கோட்டைப் பூங்காவில் ரீல்ஸ் என்று சினிமாக்காரி மாதிரியே இருப்பாள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் விரல் நுனியில் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்து தோல் உரிந்திருப்பது தெரியும். அம்மாவின் நகைக் கடன் வட்டி, தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், சீட்டுப் பணம் எல்லாம் அவள் சம்பளத்தில்தான். "எக்கா, இந்த மாசம் கையில முந்நூத்தி நாப்பது ரூபா நிக்குது" என்று ரூபாய் சுத்தமாகச் சொல்வாள். அவளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் எடுத்துக் காட்டினால், இருபது வயசுக்கு இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்றுதான் நாம் கேட்போம். திங்கட்கிழமையையும் சேர்த்துக் காட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் படத்தில் திங்கட்கிழமையே இல்லை, விஜயா. அவள் வாடகை கொடுத்து நாம் பார்க்கவில்லை, துணி துவைத்துப் பார்க்கவில்லை, ஒரு சாமானின் விலையைக்கூட அவள் கேட்கவில்லை.

வயசு இடித்தாலும் நாம் நம்பிய படங்கள் உண்டே. 'மூன்று முடிச்சு' 1976-இல் வந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயது, ரஜினிக்கு 25. அதில் அவள் அவருக்குச் சித்தியாக வருகிறாள். பார்த்தபோது நமக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த வருஷம் '16 வயதினிலே' மயிலையும் அப்படியே நம்பினோம். டீச்சராக வேண்டும் என்ற அவள் ஆசை, அவள் அம்மா குருவம்மாளின் வாய், அந்த ஊர்க்காரர்களின் பார்வை எல்லாம் நமக்குத் தெரிந்தவையாக இருந்தன. ஆனால் இன்றைக்கு நினைத்தால், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய ஒரு பிள்ளையைத்தான் பெரிய மனுஷியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று வயிற்றைப் பிசைகிறது. பெண் பிள்ளையின் வயசு மட்டும் சினிமாவுக்கு எப்போதுமே இஷ்டப்படி இழுக்கிற விஷயமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் என்னைத் தைத்தது கடைசி வரிதான். படம் முடிந்ததும் உன் சின்னவள், "எனக்கும் 22 ஆயிடுச்சும்மா, நான் இன்னும் குரூப் ஃபோருக்குப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாளாமே. அவள் யாரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறாள்? அப்படி ஒருத்தி வேலூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும்.

தேர்வு முடிந்ததும் அவளை ஒரு வாரம் இங்கே அனுப்பு. காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணும் அவளும் ஒரே செட்டு, நன்றாகப் பழகுவார்கள். முள்ளு கத்தரிக்காய் வாங்கி எண்ணெய்க் குழம்பு வைத்துப் போடுகிறேன், அவளுக்குப் பிடிக்குமே. எந்த வண்டி என்று முன்னாடியே சொல்லச் சொல்.

உன்,
கஸ்தூரி