ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதச்சார்பற்ற நாட்டில் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தின்படி வாழ்வது குறித்து நம் பத்திரிகைகளில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் மதமாற்றத் தடைச் சட்டங்களையும் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமைகளையும் பேசிவிட்டு நின்றுவிடுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் தான் கிறிஸ்தவன் என்று உண்மையைச் சொன்ன காரணத்தினாலேயே பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பணயம் வைக்க நேரும் தலித் கிறிஸ்தவர்களின் நிலையை அவற்றில் அரிதாகவே காண்கிறேன்.

திருச்சபை நடத்தும் பள்ளியொன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சேர்க்கைப் படிவத்தில் 'மதம்' என்ற கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அருகில் நிற்கும் கணவரின் முகத்தைப் பார்க்கும் தாய்மார்களை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து பாடும் குடும்பத்தினர் படிவத்தில் 'இந்து' என்று எழுதித் தருவார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபின், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்தால், சுவரில் மாட்டியிருக்கும் வசன நாட்காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொள்வது எளிது. ஆனால் அப்படிக் கடிந்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தேர்வு வாழ்நாளில் ஒருமுறைகூட வந்ததில்லை.

இந்த நிலையை உண்டாக்கியது 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து மதத்தைப் பின்பற்றாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அது கூறியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை மூடியே இருக்கிறது. பழங்குடியினர் கிறிஸ்தவர்களானால் அவர்களுடைய பழங்குடித் தகுதி பறிபோவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். இதனால் அவர் இழப்பது பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனக்குள்ள இடத்தை மட்டுமன்று. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையையும், சாதியைச் சொல்லித் தாக்கப்பட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கிடைக்கும் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறார். தாக்குகிறவன், அடிபடுகிறவன் எந்த ஆலயத்துக்குப் போகிறான் என்று விசாரித்துவிட்டா கை ஓங்குகிறான்?

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தொடர்ந்து ஆலயத்துக்குச் சென்றதையும் எடுத்துக்காட்டி, பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. இருக்கிற சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பு வந்ததை நான் குறை கூறவில்லை. ஆனால் குடிமகளின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு அவளுக்கே எதிரான சாட்சியமாக நிற்கும் ஒரு சட்டத்தை, மதச்சார்பற்ற அரசு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும், தான் நம்பும் மதத்தை வெளிப்படையாக அறிக்கையிடும் உரிமையையும் தருகிறது. அறிக்கையிட்டால் ஏற்கெனவே உள்ள பாதுகாப்பு போய்விடும் என்றால் அந்த உரிமை யாருக்குப் பயன்படும்?

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, பிறகு எதற்குப் பட்டியல் சாதித் தகுதி என்று கேட்பவர்களுக்கு, கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நேர்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் வேதத்தில் சாதி இல்லை. எங்கள் சபைகளில் இருக்கிறது. சபைக்குள் சாதிப் பாகுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, அதை ஏற்க மறுத்துத் தமிழகத்துச் சபைகளில் பலர் வெளியேறினார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குத் தனிப்பங்கு, அதாவது தனி ஆலயமும் குருவும் கொண்ட தனிச்சபை, வேண்டுமென்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி இருவர் உயிரிழந்தார்கள். ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்கள், இறந்தபின் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்படும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மண விளம்பரங்களில் சாதியின் பெயரைக் கூச்சமின்றி அச்சிடுகிறோம். நாங்கள் இதை மறைத்துக்கொண்டு அரசிடம் நியாயம் கேட்க முடியாது. அரசும் எங்கள் வேதத்தை மட்டும் காட்டி எங்கள் தெருக்களைப் பார்க்க மறுக்கக் கூடாது.

பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் சகோதரர்களின் பங்கு குறைந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. அதை மதமாற்ற அரசியல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து மாறுகிறவர்களின் மக்கள்தொகைக்கேற்ப ஒதுக்கீட்டு அளவும் உயர்த்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 2004இல் தாக்கலான வழக்கு நீண்டுகொண்டே போனது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டு அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19 அன்று, கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை வழங்க வேண்டுமென்று ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கு மேலும் ஓர் ஆய்வு தேவை என்று சொல்லிக் காலம் கடத்தாமல், நாடாளுமன்றம் அந்தப் பத்தியை நீக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை சபைகள் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்களை ஒன்றாக்கவும், சபை நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் தலித் கிறிஸ்தவர்களுக்கு உரிய பங்கைத் தரவும் எந்த நாடாளுமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன்பே பேராயங்களும் மறைமாவட்டங்களும் இதற்கான விதிகளை எழுதி, ஒவ்வொரு சபையிலும் வாசித்து அறிவிக்க வேண்டுமென்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
திருவள்ளூர் மாவட்டம்.