கருவூலம் பார்க்காத தேதிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால் ராத்திரி பகல் கிடையாது. மடைக்கு மடை சைக்கிளில் போய் ஷட்டரைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும். 2013 மார்ச்சில், பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு 51 வயது, எனக்கு 45. அன்று முதல் குடும்ப ஓய்வூதியத்தில்தான் வீடு ஓடுகிறது.

கடந்த டிசம்பர் மாத ஓய்வூதியம் வந்ததும் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். நவம்பருக்கு 22,000 ரூபாய்க்கு மேல் வந்த இடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. வங்கியில் கேட்டால் கருவூலத்தில் கேளுங்கள் என்றார்கள். கருவூலத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 2020 ஏப்ரல் முதல் 2024 நவம்பர் வரை எனக்கு 4,35,281 ரூபாய் கூடுதலாக வழங்கப்பட்டிருக்கிறது, அது மாதம் 4,000 ரூபாயாகப் பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்பது வருடம் பிடிப்பார்கள். எனக்கு 66 வயதாகும்போதுதான் கடன் தீரும். நான் வாங்காத கடன்.

நடந்தது இதுதான். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு முதல் சில வருடங்கள் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். அந்தக் காலம் முடிந்ததும் அது 30 சதவீதமாகக் குறையும். என் விஷயத்தில் 2020 மார்ச்சோடு குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. அந்த மார்ச்சில்தான் ஊரடங்கு வந்தது. அலுவலகங்களில் பாதி ஆள்கூட இல்லாத நேரம், தவறியிருக்கலாம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று கருவூலத்தில் வருடா வருடம் நேரில் பார்ப்பார்கள், அதற்கு நேர்காணல் என்று பெயர். 2020, 2021 இரண்டு வருடமும் அதற்கு வர வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது.

ஆனால் 2022-லிருந்து மறுபடி நேர்காணல் நடந்ததே! மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஆதார், பாஸ்புக், ஓய்வூதியப் புத்தகம், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள். நான் வேறு கல்யாணம் செய்துகொண்டேனா என்று வருடா வருடம் சரிபார்த்தவர்கள், அதே புத்தகத்தில் இரண்டு தொகையும், எந்தத் தேதிவரை எந்தத் தொகை என்பதும் எழுதியிருப்பதைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை இப்போதுதான் எனக்கு விரல் வைத்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒற்றை வரி. நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். பதினோரு வருடமாக அந்தப் புத்தகம் என் பீரோவில்தான் இருக்கிறது. அதில் எனக்குப் புரிந்தது அவர் பெயரும் எங்கள் இருவரின் போட்டோவும் மட்டும்தான்.

"உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டாமா அம்மா, தொகை குறையாமல் வருகிறதே என்று?" என்று அங்கிருந்தவர் கேட்டார். எப்படித் தெரியும்? 2017-ல் ஊதியக் குழு வந்து கூடியது. அப்புறம் அகவிலைப்படி கூடிக்கொண்டே போனது. தொகை ஏறும்போதெல்லாம் அரசு அறிவித்ததுதான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். எது அடிப்படை, எது படி என்று வங்கிக் கணக்கில் பிரித்து வருவதில்லை. ஒரே தொகையாக வரும், வந்த வேகத்தில் போய்விடும். பையன் பாலிடெக்னிக் முடித்தான், மகளுக்கு இரண்டு பிரசவம் பார்த்தேன், எனக்குச் சர்க்கரை மாத்திரை. மீதி என்று ஒரு ரூபாய் கிடையாது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கிறார். அவர்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பிரதி எடுத்துக் கொடுத்து விளக்கினார். பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் நடந்த வழக்கு, 2014 டிசம்பர் 18-ல் வந்த தீர்ப்பு. அரசின் தவறால் கூடுதலாகக் கொடுத்த பணத்தை யார் யாரிடம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதில் வகை பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவர்களிடம் பிடிக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் நான்காம் நிலை ஊழியர். மத்திய அரசும் இந்தத் தீர்ப்பைப் பின்பற்றச் சொல்லி 2016 மார்ச்சில் தன் துறைகளுக்கு எழுதியிருக்கிறது. கேரளத்தில் தாமஸ் டேனியல் என்ற ஆசிரியர் 1999-ல் ஓய்வு பெற்றவர். அவரிடம் கூடுதல் தொகையைப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022-ல். 23 வருடம்! அதில் நீதிமன்றம் சொன்ன ஒன்றை வாத்தியார் இரண்டு முறை படித்துக் காட்டினார். இந்த நிவாரணம் ஊழியரின் உரிமை என்பதால் அல்ல, அவர் படும் சிரமத்தைப் பார்த்து நியாயத்தின் பேரில் தருவது என்று. சரி, உரிமை இல்லையென்றே இருக்கட்டும். என் சிரமத்தைப் பார்க்கவாவது ஒருவர் வேண்டுமே. பிடித்தம் தொடங்கும் முன் எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

தீர்ப்பின் பிரதியோடு மறுபடி போனபோது அவர்கள் இன்னொரு தாளை எடுத்தார்கள். கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பிச் செலுத்துவேன் என்று 2013-ல் நான் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. அப்படி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016-ல் வேறு தீர்ப்பு இருக்கிறது என்றார்கள். வாத்தியாரிடம் கேட்டேன். இருப்பது உண்மைதான், ஆனால் அந்த வழக்கில் எழுதிக் கொடுத்தவர் நீதித்துறை அதிகாரி, அதாவது நீதிபதி வேலை பார்த்தவர் என்றார். எழுதிக் கொடுப்பது என்ன என்று தெரிந்து கொடுத்திருப்பார். நான் போட்ட கையெழுத்து, காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் போட்டது. ஒரு கட்டுத் தாளை வைத்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் போடச் சொன்னார்கள். போட்டேன். பெயரின் கடைசி எழுத்து கோணலாகப் போயிருப்பதை இப்போது பார்க்கிறேன்.

இனிமேல் குறைந்த தொகைதான் என்றால் அதை ஏற்றுக்கொள்கிறேன். விதி அதுதான் என்றால் 13,000 ரூபாயில் குடும்பத்தை ஓட்டிக்கொள்வேன். அரசுப் பணத்தைத் தெரிந்து தின்றவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, சொல்லவும் விடமாட்டேன். ஆனால் அவர்கள் கவனிக்காமல் கொடுத்து, நான் தெரியாமல் வாங்கிச் செலவழித்த பழைய பணத்தை என் மருந்துச் செலவிலிருந்து பிடிக்கக் கூடாது.

நீதிமன்றத்துக்குப் போங்கள், நிச்சயம் தடை கிடைக்கும் என்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வக்கீல் கட்டணம் வேண்டும். என்னால் முடியாதவரை அந்தத் தீர்ப்பு எனக்கு இல்லையா? ஒருவர் போய் வாங்கிய நியாயத்தை அடுத்தவருக்குக் கருவூலமே கொடுக்கக் கூடாதா? பிடித்தம் தொடங்கும் முன் காரணத்தைத் தமிழில் எழுதி அனுப்பி, பதில் சொல்ல ஒரு மாதமாவது அவகாசம் தரச் சொல்லி நிதித் துறை எல்லாக் கருவூலங்களுக்கும் உத்தரவிட வேண்டும். தொகை குறையும் தேதிக்கு முன்பே ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும் ஏற்பாடு வேண்டும். பணம் ஏறியதும் செல்போனுக்குத் தகவல் வருகிற காலம்தானே இது.

ஜனவரியில் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் வரவில்லை. பிடித்தம் நடக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவோ அக்காவோ இருந்தால், அவர்களுடைய ஓய்வூதியப் புத்தகத்தை இன்றே வாங்கிப் பாருங்கள். இரண்டு தொகைகள் இருக்கும், பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அதைத் தமிழில் பெரிதாக எழுதி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப ஓய்வூதியர்
மதுரை மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)