வலையில் ஏறும் கணக்கு: கரையோர உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையிலிருந்து எழுதுகிறேன். நேற்று விடிய, கரைக்கு ஏற்றிய சிறகுவலையைத் துப்பரவாக்க அண்ணருக்குக் கைகொடுத்தேன். ஒரு பக்கம் கொஞ்ச இறாலும் நாலைந்து ஒட்டி மீனும். மற்றப் பக்கம் சொப்பிங் பைகள், யோகட் கோப்பை, ஒரு பம்பர்ஸ், கண்ணிக்குள் சுருண்டுபோன லஞ் சீற், அதுதான் சோறு கட்டும் பொலித்தீன் தாள். விரலால் நெம்பி எடுக்க இரண்டு மணித்தியாலம். "இதுக்கு ஆரிட்டையடா காசு கேக்கிறது?" என்றார், சிரித்துக்கொண்டுதான்.

சோற்றுப் பார்சலின் விலைக்குள் அரிசி, கறி, கூலி எல்லாம் இருக்கிறது. அந்தத் தாள் வாய்க்காலில் விழுந்து மாரி வெள்ளத்தோடு களப்புக்கு வந்தபின் ஆகும் செலவு மட்டும் இல்லை. அது அண்ணரின் தலையில். உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் 'சந்தைத் தோல்வி' என்று முடித்துவிடும். இப்படி விலைக்குள் வராத செலவை வரியால் உள்ளே கொண்டுவரலாம் என்று பிகூ என்ற ஆங்கிலேயர் 1920 இலேயே எழுதிவிட்டார்.

2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது, அந்தக் கப்பலுக்குப் பெயர் இருந்தது. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பல்காரரை நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. எங்கள் களப்புக்குள் வரும் பையில் யார் பெயர் இருக்கிறது? ஆளுக்கொரு பை, யார்மேல் வழக்குப் போடுவது?

முந்தி சோடா வாங்க வெறும் போத்தல் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் காசு கட்ட வேண்டும். யாராவது எறிந்தாலும் பொடியள் பொறுக்கிக் கடையில் கொடுத்து இனிப்பு வாங்கிவிடுவார்கள். சனம் அப்போது நல்லது, இப்போது கெட்டது என்று நான் நம்பவில்லை. போத்தலுக்கு விலை இருந்தது, அவ்வளவுதான்.

எங்களவர்களும் சுத்தமில்லை. அறுந்த தங்கூசி (நைலோன் நூல்) வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கரைக்குக் கொண்டுவந்தால் போட இடமில்லை, கடலில் விட்டால் செலவில்லை.

வரி கொழும்பின் வேலை என்பீர்கள். சரி. சாப்பாட்டுக் கடைகளுக்கு உரிமம் கொடுப்பது நீங்கள்தானே? பொலித்தீனில் கட்டும் கடைக்கு ஒரு கட்டணம், வாழையிலையில் கட்டும் கடைக்கு வேறொன்று வையுங்கள். அந்தக் காசில், வலையில் வரும் குப்பையைச் சாக்குக் கணக்கில் இறங்குதுறையிலேயே வாங்குங்கள். வீட்டுக் குப்பையையும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வருவார்களே என்று பயப்பட வேண்டாம். அப்படி வந்தாலும் கடலுக்குள் போகாமல்தானே வருகிறது.

நேற்று எடுத்ததை மூன்று சாக்கில் கட்டி இறங்குதுறையில் வைத்திருக்கிறோம். வரும்போது வாகனம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் தம்பி