வேலை நடக்கும்போதே வெளிய தள்ளுற ரிமோட் சாஃப்ட்வேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்ங்க.

தூரத்துல இருந்தே அடுத்தவங்க போன், கம்ப்யூட்டர பாத்து இயக்கற ரிமோட் ஆப்ப போனுல ஏத்தச் சொல்லி பேங்க் பணத்த சுருட்டிட்டாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, ஜனங்க உஷாரா இருக்கணும்னு நீங்க எழுதறது ரொம்ப சரி. ஆனா அதே மாதிரி சாஃப்ட்வேர வச்சு நேர்மையா பொழப்பு நடத்தற எங்கள மாதிரி சப்போர்ட் ஆளுங்க படற பாட்ட ஒருத்தரும் எழுதக் காணோம், அதான் நானே எழுதிட்டேன். கொஞ்சம் நீளமா போகும். வெட்டித்தான் போடுவீங்க, தெரியும், ஆனா சர்வர் பத்தி நடுவுல வர்ற விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு விட்டுராதீங்க.

நான் இருக்கறது திருப்பூர், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் சப்போர்ட். பனியன் கம்பெனி, டையிங், காம்பேக்டிங், நூல் கடைன்னு கஸ்டமருங்க. முன்னெல்லாம் வண்டிய எடுத்துட்டு நேர்லயே போயிருவோம், இப்ப முக்காவாசி வேலை ரிமோட்லதான். அவங்க ஸ்கிரீன்ல தெரியற ஒம்பது பத்து இலக்க நம்பர போன்ல படிப்பாங்க, நாங்க அத போட்டதும் அவங்க பக்கம் அக்செப்ட்னு ஒரு பட்டன் வரும், அமுக்கினா உள்ள போயிரலாம். இது வரைக்கும் சுகம்தான். ரோதனையே உள்ள போன பின்னாடிதான், அதாவது கொஞ்ச நேரம் மவுஸ தொடலேன்னா அதுவே கனெக்‌ஷன கட் பண்ணி வெளிய தள்ளிடும் பாருங்க, அந்த ஆட்டோ லாக்ஆஃப்.

மாசம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கட்டணும்னு இந்த ஊர்ல எல்லா ஆபீஸும் பரபரன்னு இருக்கும், டேட்டா கரப்ட் ஆகறதும் அன்னிக்குன்னு பாத்துதான் ஆகும். ரிப்பேர் ஓட விட்டா பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகும், பெரிய கம்பெனி டேட்டான்னா அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும், அந்த நேரத்துல நாம எதையும் தொடக்கூடாது, தொட்டா ஸ்ட்ரக் ஆகுமேன்னு கைய கட்டிக்கிட்டு பாத்துட்டிருப்போம். அந்தப் பக்கம் அக்கவுண்டன்ட் அக்கா பழைய பில் ஃபைல புரட்டிட்டு ஒவ்வொரு நம்பரா போன்ல எனக்கு சொல்லிட்டிருப்பாங்க. ரெண்டு பேரும் முழுசா வேலைலதான் இருக்கோம், அந்த சாஃப்ட்வேர் கணக்குல மட்டும் நாங்க தூங்கறோம். டப்புனு கட் ஆயிரும். ரிப்பேர் அவங்க கம்ப்யூட்டர்ல ஓடிட்டேதான் இருக்கும், ஆனா முடிஞ்சதா, எரர் ஏதும் கேட்டு நிக்குதான்னு பாக்க எனக்கு கண்ணு இல்ல.

சரி மறுபடியும் கனெக்ட் பண்ணலாம்னா திரும்ப அந்த அக்செப்ட் பட்டன யாராவது அமுக்கணும். அதுக்குள்ள அக்கா லோடு ஏத்தற இடத்துக்கு டெலிவரி சலான் குடுக்க போயிருப்பாங்க. "தம்பி, நீங்க பாத்துட்டுதான இருக்கீங்க, நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுத்தான் போவாங்க, போன சார்ஜ்ல போட்டுட்டு. வந்து பாத்தா ஸ்கிரீன் லாக் ஆகி நிக்கும், ஏன்னா சில சாஃப்ட்வேர் கட் ஆகும்போது அவங்க கம்ப்யூட்டரையும் சேத்து லாக் பண்ணிடும். "தம்பி, என்னமோ பாஸ்வேர்டு கேக்குதுங்க, அது ஓனருக்குத்தான் தெரியும், அவரு ஈரோடு போயிட்டாரு"ம்பாங்க. அப்புறம் அண்ணனுக்கு போன போட்டு, அவரு கார் ஓட்டிட்டே அரைகுறையா சொல்லி, கேப்பிடல் லெட்டரா சின்ன லெட்டரான்னு கேட்டு... விடுங்க, திருப்பூர்ல பாதி கம்பெனி பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம் ஆனதே இப்படித்தான், அது எனக்கும் நல்லதில்ல அவங்களுக்கும் நல்லதில்ல.

இன்னொன்னு. எதையாவது இன்ஸ்டால் பண்ணும்போது விண்டோஸ் ஸ்கிரீன மங்கலாக்கிட்டு எஸ்ஸா நோவான்னு ஒரு பெட்டி காட்டும்ல, அது நிறைய நேரம் எங்க பக்கம் தெரியவே தெரியாது, ஸ்கிரீன் கருப்பா நிக்கும், எங்களால கிளிக் பண்ணவும் முடியாது, கஸ்டமர்தான் எஸ் குடுக்கணும். வெளி ஆள் ரிமோட்ல உக்காந்து எல்லாத்துக்கும் அவனே எஸ் போட்டுக்கக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்த எஸ்ஸுக்காக நாங்க காத்திருக்கற நேரத்தையும் சும்மா இருக்கற நேரமா எண்ணிட்டே போறது எந்த ஊரு நியாயம்னு தெரியல.

இப்ப சர்வர் விஷயம், இதுதான் எல்லாத்துலயும் மோசம். கொஞ்சம் பெரிய கம்பெனின்னா ஒரு சர்வர் வச்சு எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்லதான் உள்ள போவாங்க, நாங்களும் அப்படித்தான். அதுல கட் ஆகறதுன்னா ரெண்டு வகை இருக்குங்க. டிஸ்கனெக்ட் ஆனா நம்ம கண்ணுக்கு ஸ்கிரீன் போயிரும், ஆனா உள்ள ஓடற புரோகிராம் அப்படியே ஓடிட்டிருக்கும், திரும்ப போனா விட்ட இடத்துலயே நிக்கலாம். லாக்ஆஃப் ஆனா எல்லாத்தையும் மூடிடும், சேவ் பண்ணாத என்ட்ரி போச்சு, பாதில இருந்த பேக்கப் போச்சு, ரிப்பேர் நடுவுல நின்னா டேட்டா இருந்ததவிட மோசமாகவும் ஆகலாம். ஒருத்தர் உள்ள நுழைஞ்சதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் உள்ளதத்தான் செஷன்னு சொல்றது. விண்டோஸ் சர்வர்ல இதுக்குன்னு தனித்தனியா டைமர் இருக்கு, வேலை நடக்கற செஷனுக்கு ஒண்ணு, தொடாம கிடக்கற செஷனுக்கு ஒண்ணு, டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு ஒண்ணு. டைம் முடிஞ்சா செஷனையே முடிச்சு விடுன்னு இன்னொரு செட்டிங் தனியா இருக்கு. அத ஆன் பண்ணாம விட்டா முதல் ரெண்டு டைமர்ல டிஸ்கனெக்ட் மட்டும்தான் ஆகும், மூணாவது டைமர் போட்டிருந்தா அது முடிஞ்சதும் எப்படியும் லாக்ஆஃப்தான். எங்கயோ எவனோ சர்வர் ஸ்லோவா இருக்குன்னு அந்த செட்டிங்க ஆன் பண்ணி வச்சுட்டு போயிருப்பான், ஓனருக்கும் தெரியாது, ஆடிட்டருக்கும் தெரியாது, விழறது எங்க தலைல.

கட் பண்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி விண்டோஸ் வார்னிங் குடுக்கத்தான் செய்யுது, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த வார்னிங் வர்றது எங்க? அந்த ரிமோட் ஜன்னலுக்கு உள்ளயே. ரிப்பேர் ஓடட்டும்னு அத மினிமைஸ் பண்ணிட்டு நான் வேற கஸ்டமரோட இ-வே பில் பாத்துட்டிருந்தா எனக்கெப்படி தெரியும். அது பாட்டுக்கு உள்ள நின்னு கத்திட்டு, பதில் வரலேன்னு கதவ சாத்திட்டு போயிரும்.

பாதுகாப்புக்குத்தான் இதெல்லாம்னு சொல்லுவாங்க. பாதுகாப்பு வேண்டாம்னு யாரு சொன்னா. 2019 பிப்ரவரிலயே ரிசர்வ் பேங்க் எச்சரிக்கை விட்டுச்சு, ரிமோட் ஆப்ப ஏத்தச் சொல்லி ஒம்பது இலக்க நம்பர வாங்கிட்டு யுபிஐ மூலமா பணத்த எடுக்கறாங்கன்னு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, திருட வர்றவன் மவுஸ தொடாம கைய கட்டிட்டா உக்காந்திருப்பான்? உள்ள வந்த நிமிஷத்துல இருந்து அவன் கை ஓயாது, டைமர் எண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள அவன் வேலைய முடிச்சுட்டு போயிருவான். இந்த டைமர் தடுக்கறது ஒண்ணே ஒண்ணத்தான், ஒருத்தன் செஷன தெறந்து போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா வேற ஆள் வந்து அந்த நாற்காலில உக்காரறத. அது பேங்க் கவுண்டர்லயும் ஆஸ்பத்திரிலயும் கண்டிப்பா வேணும். ரிமோட் சப்போர்ட்ல இருக்கறது ரெண்டு நாற்காலி, ரெண்டுலயும் ஆள் இருக்காங்க, டைமர் கணக்குல எடுக்கறது மட்டும் ஒருத்தரோட கைய.

எங்க சித்தி பையன் கோயமுத்தூர்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் பண்றான், நைட் ஷிப்ட். அவனுக்கு ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள பாதுகாப்பா போற விபிஎன் ஒரு டைமர், அதுக்குள்ள இருக்கற ரிமோட் டெஸ்க்டாப் ஒரு டைமர், இன்சூரன்ஸ் வெப்சைட் ஒரு டைமர். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன போட்டு ஹோல்டுல மியூசிக் கேட்டுட்டிருக்கும்போதே ஒண்ணொண்ணா வெளிய தள்ளும், அந்தப் பக்கம் ஆள் லைனுக்கு வர்றப்ப இவன் ஓடிபி போட்டுட்டிருப்பான். கேட்டா சட்டம்னு சொல்றாங்களாம். நோயாளிங்க விவரத்த பாதுகாக்கற அமெரிக்காவோட ஹிப்பா விதி ஆட்டோமேட்டிக் லாக்ஆஃப் பத்தி சொல்லுது, உண்மைதான், ஆனா இத்தன நிமிஷம்னு அதுல நம்பரே கிடையாது, அவங்கவங்க நிலவரத்துக்கு ஏத்த மாதிரி முடிவு பண்ணிக்கலாம். 15 நிமிஷம்னு நம்பர் போட்டு சொல்றது கார்டு பேமென்ட்டுக்கான பிசிஐ விதி. அத அப்படியே தூக்கிட்டு வந்து நூல் கடை சர்வருக்கும் போட்டு விட்டா எப்படிங்க.

தொல்லை தாங்காம என்ன நடக்குதுன்னும் சொல்லிடறேன், இதுதான் பயமா இருக்கு. அக்செப்ட் அமுக்க ஆளில்லேன்னு பர்மனன்ட் பாஸ்வேர்டு போட்டு வைக்கறாங்க, அதுவும் கம்பெனி பேரும் 123ம். ராத்திரி பூரா கம்ப்யூட்டர் ஆன்ல கெடக்கு, அந்த நம்பரும் பாஸ்வேர்டும் தெரிஞ்ச எவன் வேணா உள்ள போலாம். சப்போர்ட் பசங்க இன்னொரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க, முள்ளு வச்ச கைக்கடிகாரத்த டேபிள்ல மல்லாக்கப் போட்டு அதுமேல மவுஸ வச்சுருவாங்க, செகண்ட் முள்ளு ஓட ஓட பாயின்டர் லேசா அசையும், சாஃப்ட்வேர் ஆஹா ஆள் இருக்கான்னு நம்பிக்கும். இத முதல்ல பாத்தப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா அந்தப் பையன் உண்மைலயே டீ குடிக்கப் போயிட்டா கஸ்டமரோட மொத்த கணக்கும் ஸ்கிரீன்ல தெறந்து கெடக்கும், அத எந்த டைமரும் மூடாது. பாதுகாப்புன்னு வச்சதே அதுக்குத்தான், அதையே இல்லாம பண்ணியாச்சு.

இலவசமா யூஸ் பண்றவங்கள அஞ்சு நிமிஷத்துல கட் பண்ணட்டும், நான் கேள்வியே கேக்கல. வருஷா வருஷம் காசு கட்டி லைசென்ஸ் வாங்கினவங்களுக்காவது கஸ்டமர் பக்கம் மவுஸ் அசைஞ்சாலும் ஆள் இருக்காங்கன்னு எண்ணிக்கலாம். கட் பண்ண முன்னாடி வார்னிங்க என் கம்ப்யூட்டர்ல, எல்லா ஜன்னலுக்கும் மேல, சத்தத்தோட காட்டலாம். வெப்சைட்டுங்களுக்கான டபிள்யூசிஏஜி விதில 2008லயே இது இருக்கு, டைமர நிறுத்தவோ மாத்தவோ வழி குடுக்கலேன்னா டைம் முடியறதுக்கு முன்னாடி சொல்லணும், ஒரு கீய தட்டற மாதிரி சுலபமா நீட்டிக்க கொறஞ்சது 20 செகண்டாவது குடுக்கணும்னு. மாற்றுத்திறனாளிகளுக்காக போட்டது, ஆனா எல்லாருக்கும்தான் உதவும். அப்படியும் கட் பண்ணியே தீரணும்னா ஸ்கிரீன லாக் பண்ணுங்க, நான் என் பாஸ்வேர்ட போட்டு திரும்ப வந்துக்கறேன், அதுக்கு எதுக்கு அந்த அக்காவ லோடு ஏத்தற இடத்துல இருந்து ஓடி வர வைக்கணும்.

கம்பெனி ஓனருங்க யாராவது இத படிச்சா, உங்க சிஸ்டம் ஆள கூப்பிட்டு ஒண்ணு மட்டும் கேளுங்க, நம்ம சர்வர்ல டைம் முடிஞ்சா டிஸ்கனெக்ட் ஆகுதா லாக்ஆஃப் ஆகுதான்னு. லாக்ஆஃப்னு சொன்னா, அடுத்த 20ஆம் தேதிக்கு முன்னாடி மாத்தச் சொல்லுங்க. அப்படியே அந்த பர்மனன்ட் பாஸ்வேர்டையும்.

பேர் போட வேண்டாம்ங்க, நான் கடிகாரக் கதைய எழுதினது தெரிஞ்சா ஆபீஸ்ல பசங்க என்னைய சும்மா விட மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு சப்போர்ட் ஆள்,
திருப்பூர்.